இரண்டு மஞ்சள் விளக்கு

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. காவி கிடையாது. ஆசிரமமும் கிடையாது. வயது முப்பத்தாறு, மூக்கின் மேல் கனமான கண்ணாடி. ஜோலார்பேட்டையில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் ரயில்வே தேர்வுக்குப் பாடம் நடத்துகிறாள். பெயர் எஸ்தர். ஊருக்கெல்லாம் எஸ்தர் மிஸ்.

சிஷ்யையின் பெயர் பூங்காவனம். வயது இருபத்தொன்பது. பெயரில்தான் பூங்கா. அவள் வாடகைக்கு இருந்த அறையில் ஒரு கட்டில், ஒரு குடம், ஒரு சன்னல். சன்னலைத் திறந்தால் நான்கடி தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர்.

பூங்காவனம் ரயில் ஓட்ட ஆசைப்பட்டாள். உதவி ஓட்டுநர் வேலைக்கு முதல் கட்டத் தேர்வில் தேறியிருந்தாள். இரண்டாம் கட்டத்துக்கு ஏழு வாரம் இருந்தது. அதிலும் தேறினால் கண் பரிசோதனை. மற்ற வேலைகளுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், இதற்குக் கூடாது. வெறும் கண்ணால் கடைசி வரி வரை படிக்க வேண்டும். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

ஆகவே படித்தாள். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் போனை வைத்து, அதன் மேல் கவிழ்ந்து படித்தாள். காலையில் குனிந்தால் மெஸ் மூடப்போகிற நேரத்தில்தான் நிமிர்வாள்.

எஸ்தர் மிஸ்ஸிடம் கூடப் படித்த பதினொரு பேரும் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போய்விட்டார்கள். சிலருக்கு வேலை கிடைத்தது, சிலருக்குக் கல்யாணம் ஆனது, சிலர் போதும் என்று விட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப் குழு மட்டும் மிச்சம். அதில் கடைசியாக வந்த செய்தி பொங்கல் வாழ்த்து. போட்டவளும் அவள்தான்.

ஒரு நாளில் அவள் வாய் திறந்து பேசுவது இரண்டே வாக்கியம். "ஒரு சாப்பாடு." "ரசம் போதும்." அவளிடம் நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர் போனுக்குள் இருந்த கணக்கு வாத்தியார். அவரையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தாள்.

ஒரு மதியம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறும்போது தூரத்து சிக்னலில் ஒரு மஞ்சள் விளக்கு தெரிந்தது. இறங்கி நடைமேடையின் கோடிவரை நடந்து போய்ப் பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மஞ்சள் இருந்தது.

ஒரு மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா என்று பொருள். இரண்டு மஞ்சள் என்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வா. இதை அதுவாகப் பார்ப்பவர் கையில் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேராக இரும்புக்கடை மாடிக்குப் போனாள்.

மாடியில் நாற்பது நாற்காலி, நாலே பேர். எல்லாரும் வீட்டிலேயே போனில் படிக்க ஆரம்பித்தபின் எஸ்தர் மிஸ்ஸின் வகுப்பு இப்படித்தான் இருந்தது. மதியத்துக்குமேல் அந்த நாலு பேரும் போய்விடுவார்கள்.

"மிஸ், ரெண்டு மஞ்சள் ஒண்ணா தெரியுது," என்றாள் பூங்காவனம்.

"எப்பலேந்து?"

"தெரியல. இன்னிக்குத்தான் பாத்தேன்."

"கழுத்து?"

"வலிக்குது."

"கண்ணு?"

"எரியுது. மிஸ், படிக்கலன்னா பரீட்சை போயிடும். படிச்சா கண்ணு போயிடும். நான் இன்னா பண்றது?"

எஸ்தர் மிஸ் வினாத்தாளை மடித்து வைத்தாள்.

"மொதல்ல கண் டாக்டர்கிட்ட போ. அப்பறமா என்கிட்ட வா."

திருப்பத்தூர் டாக்டர் நிதானமாகப் பார்த்தார். கிட்டத்தையே பார்த்துப் பார்த்துக் கண்ணின் தசை இறுகிப்போயிருக்கிறது, தளர்ந்தால் தெளிவாகலாம், ஆறு வாரம் கழித்து வா என்றார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரமாகப் பார். அடிக்கடி கண் சிமிட்டு. திரையைக் கை நீளத்துக்குத் தள்ளி வை. முதுகை நேராக வை.

பூங்காவனம் நல்ல மாணவி. தாளைச் சுவரில் ஒட்டினாள். போனில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும்படி வைத்தாள். மணி அடித்ததும் சன்னல் வழியாகத் தூரமாகப் பார்த்தாள். நான்கடியில் இருந்த சுவரைப் பார்த்தாள்.

கண் சிமிட்டுவது எப்படி என்று சந்தேகம் வந்தது. கண்ணுக்கு ஓய்வு தரும் பயிற்சிகள் என்று போனில் ஒரு வீடியோ தேடி எடுத்து, இருபத்தேழு நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தாள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நானும் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் போனது. மஞ்சள் ஒன்றாகவே இருந்தது.

"மணி வெச்சியா?" என்று கேட்டாள் எஸ்தர் மிஸ்.

"வெச்சேன் மிஸ்."

"அடிச்சா இன்னா பண்ற?"

"மொதல்ல பாத்தேன். இப்ப அணைச்சிட்டுப் படிக்கறேன்."

"ஏன்?"

பூங்காவனம் யோசித்தாள். "மணி ஒரு ஆளு இல்லியே மிஸ்," என்றாள்.

எஸ்தர் மிஸ் எழுந்தாள். கிழக்கு ஓரத்துச் சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையை இழுத்துப் போட்டாள். பழைய கைடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் போனைச் சாய்த்து நிறுத்தினாள். நாற்காலியைக் கை நீளத்துக்குப் பின்னால் தள்ளினாள். காலுக்கு அடியில் ஒரு செங்கல்.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"எழுத்து பொடியா தெரியுது மிஸ்."

"எழுத்தப் பெருசு பண்ணு. நீ ஏன் கிட்ட போற?"

"கணக்கு க்ளாஸ் ஓடுதே, அதுக்கு?"

"கேக்கற பாடத்துக்குக் கண்ணு எதுக்கு? போனக் கவுத்து வெச்சிட்டு காதால கேளு. நோட்டுல போடு."

"முதுகு வலிக்குது மிஸ்."

"வண்டி ஓட்டறவ ரோட்ட மடியில வெச்சிப் பாப்பாளா?"

பூங்காவனம் நிமிர்ந்தாள். சன்னலுக்கு வெளியே தண்டவாளங்கள். அதற்கப்பால் சிக்னல் கம்பம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஏலகிரி மலை. இந்த ஊரில் ஆறு வருடமாக இருக்கிறாள். மலை இவ்வளவு பெரிதென்று இன்றுதான் பார்த்தாள்.

"மணி வேணாம்," என்றாள் எஸ்தர் மிஸ். "வண்டி சத்தம் கேட்டா தல நிமிரு. சிக்னல் இன்னான்னு வாய்விட்டுச் சொல்லு. நான் திருப்பிச் சொல்லுவேன். அப்பறம் கடைசிப் பெட்டியில எக்ஸ் போட்டிருக்கும் இல்ல, அது மறையற வரைக்கும் பாரு. மறைஞ்சதும் குனிஞ்சி படி."

ரயில் ஓட்டுகிறவர்களின் வழக்கம் அது. எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் சிக்னலைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தை நடத்தியதே எஸ்தர் மிஸ்தான்.

எஸ்தர் மிஸ் பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்த தன் அறைக்குப் போனாள். சற்று நேரத்தில் ஹாரன் கேட்டது.

"கிரீன்," என்றாள் பூங்காவனம். உரக்கப் பேசிப் பழக்கமில்லாத தொண்டை, கரகரத்தது.

"கிரீன்," என்றது தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல்.

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ அழுகை வந்தது. அவள் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லி எத்தனை மாதம் ஆகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. எக்ஸ் மறையும் வரை பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

ஜோலார்பேட்டையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. கால் மணிக்கு ஒன்று, சில நேரம் அதற்குள் இரண்டு. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் தலை நிமிர்ந்தது.

"ரெட்."

"ரெட்."

"எல்லோ."

"எல்லோ."

மூன்று வாரம் இப்படி ஓடியது. கழுத்துவலி குறைந்தது. கண் எரிச்சல் குறைந்தது. உண்மையைச் சொன்னால் அவள் சிக்னலுக்காக நிமிரவில்லை. அந்தக் குரலுக்காக நிமிர்ந்தாள். சரக்கு வண்டி தாமதமானால் அவளுக்குக் கோபம் வந்தது.

நான்காவது வாரத்தில் ஒரு நாள். மணி மூன்று இருக்கும். மாடியில் வேறு யாரும் இல்லை. ஹாரன் கேட்டது.

"எல்லோ," என்றாள்.

"எல்லோ," என்றது குரல்.

வண்டி இன்னும் வரவில்லை. அவள் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கண் சிமிட்டினாள். அந்த ஒரு மஞ்சள் மெல்ல நீண்டது. நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. ஒன்று இரண்டானது.

இரண்டு மஞ்சள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, வெறும் கண்ணால்.

குதித்திருக்க வேண்டியவள். அவள் குதிக்கவில்லை. ஆரம்பம் முதல் இரண்டாக இருந்ததை அவள் ஒன்று என்று சொன்னாள். மிஸ்ஸும் ஒன்று என்றே சொன்னாள்.

எழுந்து போய்த் தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

அந்த அறைக்கும் சன்னல் இருந்தது. அதை முழுக்க மறைத்து ஓர் இரும்பு பீரோ நின்றது. எஸ்தர் மிஸ் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் போனை வைத்து, கவிழ்ந்து வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தாள்.

பூங்காவனம் சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

நான்கு நாள் அவள் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து போன் மேல் கவிழ்ந்தாள். மூன்று வாரமாக யாரோ தன்னோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. வெறும் பலகைத் தடுப்போடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் அறையில் இதற்கு முன்பும் தனியாகத்தான் இருந்தாள். இப்போது இருந்த தனிமை வேறு மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் மேம்பாலத்தில் நின்று பார்த்தாள். மஞ்சள் ஒன்றா இரண்டா என்று மறுபடியும் சொல்ல முடியவில்லை. அந்தப் பயத்தில்தான் மாடி ஏறினாள். ஏறும்போது பயம் கோபமாகியிருந்தது.

"பாக்காமயே திருப்பிச் சொல்லியிருக்கீங்க மிஸ்."

"ஆமா."

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேந்து."

"வண்டியில இப்படிச் சொன்னா இன்னா ஆகும்?"

"இடிக்கும்."

"நீங்கதான் மிஸ் சொல்லிக் குடுத்தீங்க."

எஸ்தர் மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கழற்றியபோது அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"ஒம்போது வருஷம் முன்ன நானும் இந்தப் பரீட்சை எழுதுனேன்," என்றாள். "ரெண்டு கட்டமும் பாஸ். கண்ணு டெஸ்டுல மூணாவது வரியோட நிறுத்திட்டாங்க."

பூங்காவனத்துக்கு இது தெரியாது. மாடியில் யாருக்கும் தெரியாது.

"போனால போச்சா மிஸ்?"

"போனால போச்சோ, ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மங்குதுன்னு தெரிஞ்சிருந்தாதான? ஒரு ரூமு, ஒரு போனு. தூரமா இன்னா தெரியுதுன்னு நான் பாக்கவும் இல்ல, என்ன யாரும் கேக்கவும் இல்ல. உனக்காவது கேக்க ஆள் வேணும்னு நெனச்சேன்."

"அதுக்கு நீங்களும் பாத்திருக்கலாம். கண்ணாடி போட்டா உங்களுக்கு நல்லா தெரியுமே."

"தெரியும்."

"அப்பறம் ஏன் பீரோ?"

எஸ்தர் மிஸ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். கீழே இரும்புக்கடையில் கம்பி இறக்கும் சத்தம் கேட்டது.

"வண்டி போறத என்னால பாக்க முடியல," என்றாள்.

பூங்காவனத்தின் கோபம் ஆடியது. ஆனாலும் விடவில்லை. "அப்ப நான் கிரீன்னு சொன்னா நீங்க எதத்தான் திருப்பிச் சொன்னீங்க?"

"நீ நிமிந்தத."

அழகான பதில்தான். வேறு கதையாக இருந்தால் சிஷ்யை இங்கே காலில் விழுந்திருப்பாள்.

"அது பத்தாது மிஸ்," என்றாள் பூங்காவனம். "நான் ஒண்ணுன்னு தப்பா சொன்னேன். நீங்களும் ஒண்ணுன்னீங்க. நீங்க குனிஞ்சிக்கினே இருந்தீங்க."

எஸ்தர் மிஸ் தன் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். பிறகு எழுந்து பீரோவின் ஒரு முனையில் கையை வைத்தாள்.

"அந்தப் பக்கம் புடி," என்றாள்.

பீரோ லேசில் நகரவில்லை. ஒன்பது வருடத்து வினாத்தாள் அதற்குள் இருந்தது. தரையில் கோடு போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் போனது. சன்னல் கதவுகளைத் தள்ளித் திறந்தபோது தூசி கொட்டியது. தூசிக்குப் பின்னால் அதே தண்டவாளம், அதே கம்பம், அதே மலை.

எஸ்தர் மிஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கை நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஹாரன் கேட்டது.

"எல்லோ," என்றாள் பூங்காவனம், தன் இடத்திலிருந்து.

தடுப்புக்குப் பின்னால் நாற்காலி முன்னால் நகரும் சத்தம் கேட்டது.

"இல்ல. டபுள் எல்லோ. நல்லாப் பாரு."

பூங்காவனம் கண் சிமிட்டினாள். நன்றாகப் பார்த்தாள்.

"டபுள் எல்லோ," என்றாள்.

அதன்பின் தப்பாகச் சொன்னால் திட்டு விழுந்தது. சரியாகச் சொன்னால் அதே சொல் திரும்பி வந்தது. எஸ்தர் மிஸ்ஸும் தன் போனைக் கைடுகளின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். சில நாள் அவள்தான் முதலில் சொன்னாள்.

பூங்காவனம் இரண்டாம் கட்டத்தில் தேறினாள். திருப்பத்தூர் டாக்டர் பார்த்துவிட்டு, தசை தளர்ந்திருக்கிறது, பரிசோதனையில் எழுத்துகளைப் படித்துப் பார் என்றார். தேறுவாய் என்று சொல்லவில்லை. கண் பரிசோதனைக்குச் சென்னைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

அன்று காலை அவள் தனியாகத்தான் போனாள். ரயில்வே ஆஸ்பத்திரியில் நீளமான வரிசை. ஒவ்வொருவருக்கும் அம்மாவோ அண்ணனோ கூட வந்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் அவள் பை இருந்தது. வரிசையில் எல்லாரும் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தூரத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு எஸ்தர் மிஸ்ஸுக்குப் போன் வந்தது.

"மிஸ்."

"சொல்லு."

"கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன். ஃபிட்டுன்னு எழுதிட்டாங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"டாக்டர் திட்டுனாரு மிஸ்."

"ஏன்?"

"ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிட்டு நிறுத்தி நிறுத்தி நின்னேன். ஏம்மா நிக்கற, தெரியலியான்னு கேட்டாரு. தெரியுது சார்னேன். அப்பறம் ஏன் நிக்கறன்னாரு. நான் இன்னான்னு சொல்லுவேன்? யாராவது திருப்பிச் சொல்லுவாங்கன்னு நின்னேன்."

"அப்ப மணி எத்தினி இருக்கும்?"

"பதினொண்ணு. பதினொண்ணேகால்."

"பதினொண்ணேகாலுக்கு இங்க ஒரு வண்டி போச்சு," என்றாள் எஸ்தர் மிஸ். "உன் எடத்துலதான் உக்காந்திருந்தேன். டபுள் எல்லோ. வாய்விட்டுச் சொன்னேன். திருப்பிச் சொல்ல ஆள் இல்ல."

பூங்காவனம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றிருந்தாள். சுற்றிலும் தெரியாத முகங்கள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தண்டவாளமும் இல்லை, கம்பமும் இல்லை.

"டபுள் எல்லோ, மிஸ்," என்றாள்.

"பாத்தா சொல்ற?"

"இல்ல."

"தல?"

"நிமிந்துதான் இருக்குது."

"அப்ப சரி," என்றாள் எஸ்தர் மிஸ்.